அரசாங்கம் பிடிக்கவில்லை என்றால் நாட்டை விட்டுப் போவதா? தலவிலக் கரையிலிருந்து ஒரு பார்வை

தலவில புனித அன்னம்மாள் ஆலயத்தின் ஆகஸ்ட் திருவிழா முடிந்து, நீர்கொழும்பு, சிலாபம் பக்கமிருந்து வந்த யாத்திரிகர்கள் கூடாரங்களைப் பிரித்துக்கொண்டு போன பிறகு எங்கள் கரை சில நாட்களுக்கு வெறிச்சென்று கிடக்கும். அப்படியொரு அஸர் நேரத்தில்தான் என் தங்கையின் மகன் வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கோவை. "மாமா, உங்கட கையொப்பம் ஒண்டு வேணும்" என்றான்.

வாப்பா எங்கள் இருவருக்குமாக விட்டுப்போன தென்னங்காணி. இன்னும் பிரிக்காத உறுதி. விற்பதென்றால் தங்கையோடு நானும் நொத்தாரிசு முன்னால் உட்கார வேண்டும். விற்ற காசு ஏஜென்டுக்கு. சுற்றுலா விசாவில் கனடாவுக்குப் போய், இறங்கியதும் அகதி அந்தஸ்துக் கேட்பது என்பது திட்டம்.

அவனுக்கு வேலை இல்லாமல் இல்லை. புத்தளம் நகரில் கணக்கு எழுதுகிறான். சம்பளம் மாதக் கடைசி வரை வராது என்பது உண்மைதான். ஆனால் அவன் சொன்ன காரணம் சம்பளம் இல்லை. "எந்த அரசாங்கம் வந்தாலும் நமக்கு இதுதான் மாமா. இனி இந்த நாட்டுல என்ன இருக்கு?" என்றான்.

இந்தக் கேள்வி இப்போது என் மருமகனுடையது மட்டுமல்ல. ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நிற்கும்போதும், கலியாண வீட்டுச் சஹனைச் சுற்றி உட்காரும்போதும் இதே பேச்சுத்தான். ஆகவே அவனுக்குச் சொன்னதையும், அவனுக்குச் சொல்ல முடியாமல் விட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவனுடைய கோபத்தில் பொய்யில்லை. 2019 ஏப்ரல் 21இல் தேவாலயங்களில் அந்தப் பாதகம் நடந்தபோது அவன் பாடசாலை மாணவன். மூன்று வாரம் கழித்து, மே 13ஆம் திகதி, எங்கள் புத்தளம் மாவட்டத்திலேயே, நாத்தாண்டியாவுக்குப் பக்கத்திலுள்ள கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் தச்சுத் தொழிலாளி கொல்லப்பட்டார். குருநாகல் மாவட்டத்திலும் மினுவாங்கொடையிலும் கடைகளும் பள்ளிவாசல்களும் உடைந்தன. ஊரடங்கு போட்டிருந்தும் உடைந்தன. எங்கள் பக்கம் எதுவும் வரவில்லை. ஆனாலும் இரண்டு இரவு யாரும் கண் மூடவில்லை.

அடுத்த வருடம் ஜனாஸா எரிப்பு. கொவிட் தொற்றில் இறந்தவர்களை அடக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியும் நம் மையித்துகளைச் சாம்பலாக்கினார்கள். பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையைக்கூட விடவில்லை. 2021இல் ஒரே இரவில் இரசாயனப் பசளையைத் தடை செய்து எங்கள் மணல் தோட்டத்து வெங்காயத்தையும் மிளகாயையும் படுக்க வைத்தார்கள். 2022இல் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. அந்த ஜூலையில் நாட்டை அந்தக் கதிக்குக் கொண்டுவந்த ஜனாதிபதியே முதல் ஆளாக மாலைதீவுக்குப் பறந்தார்.

பிறகு மாற்றம் வந்தது என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பி வாக்களித்தேன். 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனங்களோடு வந்தது. அமைத்த அமைச்சரவையில் ஒரு முஸ்லிம்கூட இல்லை. 2025 மார்ச்சில், கொழும்பில் ஒரு கடைத்தொகுதியில் வேலை செய்த 22 வயதுப் பையன் இஸ்ரேலுக்கு எதிராக ஒரு ஸ்டிக்கர் ஒட்டியதற்காக, ஒழிப்போம் என்று வாக்குறுதி தந்திருந்த அதே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் உள்ளே போனான். ஏப்ரலில் வெளியே வந்தான் என்பது வேறு விடயம். என் மருமகனுக்கும் ஏறத்தாழ அந்த வயதுதான். "அது நானா இருந்திருந்தா?" என்று அவன் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டேன். கையொப்பத்தையும் போட்டிருப்பேன், அந்தக் கோவையைத் திறந்து பார்க்காமல் இருந்திருந்தால்.

உள்ளே ஏஜென்ட் தட்டச்சு செய்து கொடுத்த ஒரு வாக்குமூலம். 2019 மே மாதம் நாத்தாண்டியாவில் எங்கள் குடும்பக் கடை எரிக்கப்பட்டதாம். அன்றிலிருந்து இவன் ஒளிந்து வாழ்கிறானாம். நாத்தாண்டியாவில் எங்களுக்குக் கடையும் இல்லை, கடனும் இல்லை. இவன் ஒளிந்து வாழ்ந்தது க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று மட்டும்தான். "இது என்ன மகன்?" என்றேன். "எல்லாரும் இப்படித்தான் மாமா எழுதுறாங்க. இல்லாட்டி ஏத்துக்கொள்ள மாட்டாங்க."

இங்கேதான் எனக்கு நெஞ்சு அடைத்தது. கடை எரிந்தது பொய்யில்லை, எரிந்தது வேறொருவனின் கடை. அந்த மனிதன் இன்றும் அதே இடத்தில் கடன் வாங்கிக் கூரை போட்டு வியாபாரம் செய்துகொண்டிருக்கலாம். அவனுடைய சாம்பலை அள்ளி நம் முகத்தில் பூசிக்கொண்டு போய் இன்னொரு நாட்டின் வாசலில் நிற்பதற்குப் பெயர் பொய்ச் சாட்சி. பெரும்பாவங்களின் பட்டியலில் அது எங்கே இருக்கிறது என்று என் மருமகனுக்கு மத்ரஸாவில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மார்க்கத்தை விடுங்கள், கணக்காகவே பாருங்கள். அகதி என்பதற்கு 1951ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கை ஒரு வரையறை வைத்திருக்கிறது. இனம், மதம், தேசியம், குறித்த சமூகக் குழு, அரசியல் கருத்து ஆகியவற்றில் ஒன்றின் பேரில் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் வேண்டும். அரசாங்கம் பிடிக்கவில்லை என்பது அந்த வரையறைக்குள் வராது. வராததை வரவைக்கத்தான் இந்தக் கதை கட்டுதல். ஒரே கதையைப் பத்துப் பேர் கொண்டுபோனால் பதினொன்றாவதாக உண்மையிலேயே வீடெரிந்து வருபவனை யாரும் நம்ப மாட்டார்கள்.

அச்சம் எப்படி இருக்கும் என்று பார்க்க நாம் கனடாவுக்குப் போக வேண்டியதில்லை. 2024 டிசம்பரில் நூற்றுக்கும் மேற்பட்ட ரோஹிங்கியா மக்களோடு ஒரு படகு முல்லைத்தீவுக் கரைக்கு வந்தது. பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் இருந்தார்கள். முள்ளிவாய்க்கால் மக்கள் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்தப் படகில் இருந்தவர்களிடம் எந்த ஏஜென்டும் வாக்குமூலம் தட்டச்சு செய்து கொடுத்திருக்க மாட்டான்.

இன்னும் கிட்டத்தில் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் கற்பிட்டிக் குடாநாட்டையே பார்க்கலாம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னாரிலிருந்து படகுகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு மூதாட்டி வீட்டுச் சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். பள்ளிக்கூடங்களும் பள்ளிவாசல்களும் நிரம்பி, தென்னந்தோட்டங்களில் கிடுகுக் குடில்கள் முளைத்தன. அவர்களில் எத்தனையோ பேர் இன்று ஆலங்குடாவிலும் நுரைச்சோலைப் பக்கமும் எங்கள் அயலவர்கள், சம்பந்திகள்.

அவர்களிடம் போய் "அரசாங்கம் பிடிக்கவில்லை, காணியை விற்கப் போகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். முப்பத்தைந்து வருடமாக உறுதியைத் தகரப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, முசலியிலும் யாழ்ப்பாணச் சோனகத் தெருவிலும் காடேறிப் போன தன் காணிக்காகக் கச்சேரி கச்சேரியாக அலைந்தவர்கள் அவர்கள். வாக்குரிமைக்காக அவர்கள் பட்ட பாடு தனி. 2019 நவம்பர் 16, ஜனாதிபதித் தேர்தல் நாளில், புத்தளத்திலிருந்து மன்னாருக்கு வாக்களிக்கப் போன பஸ்கள் மீது தந்திரிமலைப் பகுதியில் கல்லெறிந்தார்கள், துப்பாக்கியால் சுட்டார்கள். அவர்கள் திரும்பி வரவில்லை. போய் வாக்களித்தார்கள்.

நம்மவர்கள் இந்த இடத்தில் ஹிஜ்ரத்தைக் கொண்டு வருவார்கள். மருமகனும் கொண்டு வந்தான். அல்லாஹ்வின் பூமி விசாலமானதில்லையா என்று ஸூரா அந்நிஸாவில் கேட்கப்படுவதை அவன் சுட்டிக்காட்டினான். உண்மை. ஆனால் அந்தக் கேள்வி யாரை நோக்கியது? ஈமானோடு வாழ வழியே இல்லாமல் ஒடுக்கப்பட்டும், போகச் சக்தி இருந்தும் போகாதவர்களை நோக்கியது. அபிசீனியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் மக்காவில் சித்திரவதைப்பட்டவர்கள். நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்குப் புறப்பட்டபோதும், இந்த மக்கள் வெளியேற்றியிராவிட்டால் உன்னை விட்டுப் போயிருக்க மாட்டேன் என்ற கருத்தில் மக்காவைப் பார்த்துப் பேசியதாகவே ஹதீஸ் வருகிறது. நமக்கு இங்கே ஐந்து வேளை பாங்கு கேட்கிறது. ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பற்றித் தகராறு இருக்கலாம், பாங்குக்குத் தடை இல்லை.

கோபத்தை ஹிஜ்ரத் என்று அழைத்ததால் வந்த விளைவுக்கு நம் பிராந்தியத்திலேயே ஒரு வரலாறு இருக்கிறது. நம் பாடப்புத்தகங்களில் அது வருவதில்லை. 1920இல், துருக்கிக் கிலாபத்துக்கு பிரித்தானியா இழைத்த அநியாயத்தால் கொதித்துப்போன இந்திய முஸ்லிம்களில் பல்லாயிரக்கணக்கானோர், குறிப்பாக சிந்திலிருந்தும் வடமேற்கு எல்லைப்புறத்திலிருந்தும், காபிர் ஆட்சியின் கீழ் வாழ மாட்டோம் என்று ஆப்கானிஸ்தானுக்குப் புறப்பட்டார்கள். மௌலானா அபுல் கலாம் ஆசாத் போன்ற பெரிய மனிதர்களே ஆதரித்து எழுதினார்கள். அமீர் அமானுல்லாஹ் வாருங்கள் என்றார். நிலத்தையும் மாட்டையும் வந்த விலைக்கு விற்றுவிட்டு மாட்டு வண்டிகளில் கைபர் கணவாய் வழியே போனார்கள். ஆகஸ்டில் ஆப்கானிஸ்தான் தாங்க முடியாமல் கதவைச் சாத்தியது. திரும்பும் வழியில் வெயிலிலும் நோயிலும் மடிந்தவர்களின் கப்றுகள் அந்தப் பாதை நெடுக இருந்தன. உயிரோடு திரும்பியவர்களுக்கு வீடும் இல்லை, வயலும் இல்லை. வாங்கியவன் திருப்பித் தரவில்லை. ஆசாத் போகவில்லை. இந்தியாவிலேயே இருந்து, சிறைக்குப் போய், சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சரானார்.

மருமகன் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். "கனடா ஆப்கானிஸ்தான் இல்லையே மாமா" என்றான். இல்லைதான். ஆனால் கதவு சாத்தும் பழக்கம் எல்லா நாட்டுக்கும் உண்டு. 2012இல் எங்கள் மேற்குக் கரையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கையர் படகில் அவுஸ்திரேலியா போனார்கள். அடுத்த ஆண்டே அந்த நாடு படகுகளைத் திருப்பத் தொடங்கிவிட்டது. 2022 நவம்பரில் கனடாக் கனவோடு போன 303 இலங்கையரை நடுக்கடலில் ஒரு ஜப்பானியக் கப்பல் மீட்டு வியட்நாமில் இறக்கியது. போய்ச் சேர்ந்த இடத்திலும் வெறுப்பு இல்லாமல் இல்லை. 2019 மார்ச்சில் கிறைஸ்ட்சேர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் ஜும்ஆவுக்கு வந்த இடத்தில் கொல்லப்பட்டார்கள். அது நாம் சொர்க்கம் என்று சொல்லும் நியூசிலாந்து.

சரி, கோபத்தில் போகிறோம் என்றே வைத்துக்கொள்வோம். யாருக்கு வலிக்கும்? அரசாங்கத்துக்கா? 2022 ஜூனில் அரச ஊழியர்களுக்குச் சம்பளமில்லாத ஐந்து வருட லீவு கொடுத்து வெளிநாடு போகச் சொன்னதே அரசாங்கம்தான். 2022இலும் 2023இலும் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் வேலைக்காகப் போனார்கள். 2024இல் வெளிநாட்டிலுள்ளவர்கள் அனுப்பிய பணம் 6.5 பில்லியன் டொலருக்கும் மேல். கோபித்துக்கொண்டு போகிறவன் டொலர் அனுப்புகிறான், வாக்குப் போட முடியாமலும் ஆகிறான். இதைவிட வசதியான எதிர்ப்பாளன் ஓர் ஆட்சிக்கு எங்கே கிடைப்பான்?

வாக்கு என்று சொன்னேன். வெளிநாட்டிலிருந்து வாக்களிக்கும் வழியை இந்த நாடு இன்னும் திறக்கவில்லை. ஆசனங்கள் வாக்காளர் இடாப்பின் கணக்குப்படி பிரிகின்றன. போரும் இடப்பெயர்வும் புலம்பெயர்வும் யாழ்ப்பாண மாவட்டத்தை என்ன செய்தன என்று பாருங்கள். 2010இல் 9 ஆசனம், 2015இல் 7, 2024இல் 6. 1983க்குப் பிறகு போனவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, அவர்கள் உயிருக்காகப் போனவர்கள். ஆனால் எண்ணிக்கைக்கு நியாயம் தெரியாது. புத்தளம் மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முஸ்லிம்கள். இருந்தும் மாவட்டத் தேர்தலில் ஒரு முஸ்லிம் பிரதிநிதியைப் பெற 2020 வரை மூன்று தசாப்தம் காத்திருந்தோம். பெற்றபின் அந்த ஆசனம் நமக்குப் பெருமை சேர்த்ததா என்பதைப் புத்தளத்து வாசகர்களிடம் கேட்காமலிருப்பது நல்லது. ஆனாலும் அந்த வாக்குகள் இருந்ததால்தான் பேரம் பேச முடிந்தது.

இருந்து சத்தம் போட்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கொழும்புக் குப்பையை அருவக்காட்டில் கொட்ட வந்தபோது புத்தளம் மக்கள் மாதக்கணக்கில் வீதியில் உட்கார்ந்தார்கள். மௌலவியும் பாதிரியாரும் பிக்குவும் ஒரே கொட்டகையில் இருந்தார்கள். திட்டம் நிற்கவில்லை. நுரைச்சோலையின் 900 மெகாவாட் அனல் மின் நிலையம் தலவில ஆலயத்துக்கு ஆகாது என்று கத்தோலிக்க மக்கள் வருடக்கணக்கில் எதிர்த்தார்கள். அதுவும் நிற்கவில்லை. காற்றுக் காலத்தில் தூசு இன்றும் வருகிறது.

ஜனாஸா விடயத்தில் மட்டும் ஒன்று நடந்தது. 2020 டிசம்பரில் பொரளை கனத்தை மயானத்து இரும்பு வேலியில் வெள்ளைத் துணி கட்டத் தொடங்கினார்கள். கட்டியவர்களில் சிங்களவரும் தமிழரும் கத்தோலிக்கரும் இருந்தார்கள். வெளிநாடுகளில் இருந்த நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை, தூதரகங்களுக்கு முன்னால் நின்றார்கள், மனு எழுதினார்கள். பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் வந்துபோன மறுநாள், 2021 பெப்ரவரி 25இல், வர்த்தமானி மாறியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்கவும் தீர்மானித்தது. போனவர்களும் இருந்தவர்களும் சேர்ந்து பெற்றது அது. வேலியில் துணி கட்ட ஆளில்லாமல் வெளியிலிருந்து மனு மட்டும் போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு.

இதையெல்லாம் எழுதும் நான் யார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியன். மாதம் பிறந்தால் கணக்கில் காசு விழும். எனக்கு இனி நேர்முகத் தேர்வு இல்லை. ஸ்டிக்கர் ஒட்டும் வயதும் இல்லை. என் தலைமுறை இருந்து சாதித்தது என்ன என்று அவன் கேட்டால் நான் தலை குனியத்தான் வேண்டும். ஆகவே போகாதே என்று சொல்ல எனக்கு உரிமை குறைவு.

போகாதே என்று நான் சொல்லவும் இல்லை. பிழைப்புக்காகப் போவது நம் கரைக்குப் புதிதா? கற்பிட்டியிலிருந்து எத்தனை உம்மாமார் குவைத்துக்கும் சவூதிக்கும் போய்ப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். தலவிலத் திருவிழாவுக்கு வரும் வென்னப்புவைக் குடும்பங்களில் பாதி இத்தாலிக் குடும்பங்கள். அவர்களில் சிலர் ஆகஸ்டில் லீவு எடுத்து வந்து, ஊரில் கட்டிய வீட்டின் பூட்டைத் திறந்து கூட்டிவிட்டு, பிறகுதான் ஆலயத்துக்கு வருகிறார்கள். இந்த ஆலயத்தின் தொடக்கம் பற்றியே ஒரு கதை சொல்வார்கள். வேலை தேடி மன்னாரிலிருந்து கொழும்புக்கு நடந்துபோன ஓர் ஏழைப் போர்த்துக்கேயன் இங்கே மரத்தடியில் படுத்தானாம். பிறகு வசதி வந்ததும் மறக்காமல் திரும்பி வந்து சிற்றாலயம் கட்டினானாம். நம் ஈமானுக்கும் அந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் சின்ன வயதிலிருந்து கேட்டதில் எனக்குப் பிடித்தது, அவன் திரும்பி வந்தான் என்ற பகுதி.

மருமகனிடம் நான் சொன்னது இவ்வளவுதான். உழைக்கப் போவதென்றால் உழைக்கிறேன் என்று சொல்லிப் போ. கணக்கியல் படிப்பை முடி, நேரான விசாவுக்கு விண்ணப்பி, பதிவுசெய்த முகவரைப் பிடி. சீதனத்துக்குப் பிறகு எஞ்சியதிலிருந்து என்னால் முடிந்ததை நானும் தருகிறேன். எரியாத கடையை எரிந்ததாக எழுதிய கடதாசிக்காக வாப்பாவின் தென்னையை விற்கக் கையொப்பம் வைக்க மாட்டேன். அவன் கோவையை எடுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டான். தேத்தண்ணி அப்படியே இருந்தது.

தங்கைக்கு என் மேல் கோபம். மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் கோல் எடுத்தாள். கிராம உத்தியோகத்தர் வாக்காளர் பதிவுப் படிவம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாராம். மகனுடைய பெயரை எழுதுவதா விடுவதா என்று கேட்டாள். அவன் எங்கே இப்போது என்று கேட்டேன். தோட்டத்தில் தேங்காய் பறிக்கிறவனோடு நிற்கிறான் என்றாள்.

எழுது என்றேன்.